பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்து ஏடிவிக்குத் துணை விளக்கும் ரிவர்ஸ் விளக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் பினாங்குத் தீவின் தென்பகுதியில் வண்டி வயரிங் வேலை பார்ப்பவன். கார், லோரி, மோட்டார்சைக்கிள் எல்லாம் வரும். ஏடிவி எனப்படும் நாலு சக்கர மோட்டார் எப்போதாவதுதான் வரும். சென்ற டுரியான் பருவத்தில் அப்படி வந்த ஒரு வண்டியைப் பற்றிய பதிவு இது. வேலை கடைசியில் நன்றாகவே முடிந்தது. ஆனால் நடுவில் நான் செய்த ஒரு தவறு மற்றவர்களுக்கும் எளிதாக வரக்கூடியது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

துன் சார்டோன் சாலை மலையேறி பாலிக் புலாவ் பக்கம் இறங்கும் சரிவுகளில் டுரியான் தோட்டங்கள் நிறைய உண்டு. இந்தத் தோட்டமும் அங்கேதான். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். தோட்டத்தை நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ் மண்டோர் ஒருவர். அவருக்குக் கீழே ஐந்து பேர். அதில் இருவர் அவர் உறவுக்காரப் பையன்கள்.

இங்கே டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ வேண்டும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் விழும். விழுந்த பழம் வெடித்துப் புளிப்பதற்குள் பொறுக்கிக் கூடையில் சேர்க்க வேண்டும். காலையில் வாங்க வருகிறவர்கள் அன்றைக்கு விழுந்த பழத்தைத்தான் கேட்பார்கள். ஆகவே வேலை ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும்.

ஐந்து மணி என்றால் இங்கே நல்ல இருட்டு. ஜூலையில் பினாங்கில் சூரியன் உதிக்க ஏழு மணி தாண்டிவிடும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் வந்தது அது. மண்டோர் இன்னமும் "பழைய நேரம்" என்று சொல்லுவார். பழைய நேரமோ புது நேரமோ, பழம் பொறுக்குகிறவர்கள் இரண்டு மணி நேரம் இருட்டில்தான் மலைச்சரிவில் நடக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள்.

வண்டி 400 சிசி வகை. பெல்ட் கியர், கை லீவரில் முன், நியூட்ரல், ரிவர்ஸ் மூன்று நிலைகள். நிறுத்திப் பூட்டும் கியர் கிடையாது, பிரேக் லீவரைப் பூட்டித்தான் நிறுத்த வேண்டும். முன்னால் 35 வாட் ஹாலோஜன் விளக்கு இரண்டு. பின்னால் சிவப்பு விளக்கும் பிரேக் விளக்கும் மட்டும். ரிவர்ஸுக்கு என்று கம்பெனி விளக்கு எதுவும் கொடுக்கவில்லை. இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கும் கொடுப்பதில்லை. பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி என்பதால் தோட்டத்துக்குள் மட்டுமே ஓடும்.

விபத்து நடந்த விடியற்காலை

ஜூன் மாதம் பருவம் தொடங்கிய சில நாட்களில் அது நடந்தது. தோட்டத்தின் மேல்பகுதியில் ஒரு சிமெண்டுப் பாதை கொத்தாக நிற்கும் பழைய மரங்களிடம் போய் முடிகிறது. பாதையின் அகலம் ஏறக்குறைய நாலரை அடி. வண்டியின் அகலமே நாலு அடி. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் சரிவு. அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. ஏற்றியதும் ஏறக்குறைய அறுபது மீட்டர் பின்னாலேயே வந்தாக வேண்டும்.

அன்றைக்கு ஓட்டியவன் மண்டோரின் அக்கா மகன், இருபத்து நாலு வயது. பின் கேரியரில் இரண்டு கூடை நிறையப் பழம். தலையில் டார்ச் கட்டியிருந்தான். பின்னால் திரும்பிப் பார்த்தால் டார்ச் வெளிச்சம் கூடையிலேயே பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூச வைத்தது, கூடைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான். பாதி வழியில் பின் சக்கரம் ஒன்று கால்வாய் விளிம்பைத் தாண்டியது. வண்டி சாய்ந்து கால்வாயில் இறங்கியது. குதித்தவனுக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு.

நல்ல வேளை, கால்வாய்ப் பக்கம். சரிவுப் பக்கம் போயிருந்தால் இதை நான் வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.

வண்டி கடைக்கு வந்தபோது கண்டது

இரண்டு நாள் கழித்து மண்டோர் வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நல்லா லைட்டு போட்டுக் கொடு. எவ்வளவு வெளிச்சம் முடியுமோ அவ்வளவு போடு. காசு தவுக்கே கொடுத்திடுவார்."

"போடலாம் அண்ணே. முதல்ல வண்டியைப் பார்த்துக்கிறேன்" என்றேன்.

வண்டியில் ஏற்கெனவே ஒரு கூடுதல் விளக்கு இருந்தது. இணையத்தில் வாங்கிய நீள எல்இடி பட்டை, முன் கேரியரின் மேல். பையன்களே பொருத்தியது. பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர் கைப்பிடியில் உள்ள சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து விளக்குக்கு. ஃபியூஸ் இல்லை. வயர் டேங்குக்கு அடியில் எஞ்சின் பக்கம் உரசிக்கொண்டு போனதில் மேலுறை உருகி, ஓரிடத்தில் செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து வண்டியின் சட்டத்தில் பட்டிருந்தால், ஃபியூஸ் இல்லாததால் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த வயர் வழியாக ஓடி நெருப்புப் பிடித்திருக்கும். பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் வேலை செய்கிறவர்கள் வெளிச்சம் தேடினார்கள், அவ்வளவுதான்.

விளக்குப் பெட்டியில் 120 வாட் என்று அச்சிட்டிருந்தது. வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் 3.9 ஆம்பியர் இழுத்தது. பன்னிரண்டரை வோல்ட்டால் பெருக்கினால் 49 வாட்தான். மலிவு எல்இடி விளக்குகளில் பெட்டியில் போட்ட வாட்டுக்கும் உண்மைக்கும் இந்த அளவு இடைவெளி இருப்பது எனக்குப் புதிதல்ல. ஆகவே அச்சிட்ட எண்ணை நம்பிக் கணக்குப் போடக்கூடாது, அளந்துதான் போட வேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள்: அந்தப் பட்டையைப் போட்டால் வாக்கிடாக்கியில் இரைச்சல் வருகிறதாம். மலிவு விளக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்று ரேடியோ அலையை வெளியே கசியவிடுவதால் வருவது அது. மேலே மரத்தடியில் நிற்பவரும் கீழே கொட்டகையில் நிற்பவரும் பேசிக்கொள்ள வாக்கிடாக்கிதான் துணை என்பதால் இதையும் குறித்துக்கொண்டேன்.

மின்கணக்கு

ஏடிவியில் காரைப் போல் பெரிய ஆல்டர்னேட்டர் கிடையாது. எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் காந்தமும் ஸ்டேட்டர் சுருளும்தான் மின்சாரம் தருகின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது ஓரளவு தாராளம். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஐட்லிங்கில் கிடைப்பது மிகக் குறைவு. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் வாட் அளவு அதிக சுழற்சியில் கிடைப்பது. இந்தத் தோட்டத்திலோ வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஊர்கிறது. பத்தடி போய் நிற்கும், பழம் பொறுக்குவார்கள், மறுபடி பத்தடி. எஞ்சினை அணைப்பதில்லை. அதனால் நான் ஐட்லிங்கை வைத்தே கணக்குப் போட்டேன்.

பேட்டரி கேபிளில் மீட்டரை வைத்து அளந்ததில், ஐட்லிங்கில் முன்விளக்கு மட்டும் எரியும்போது பேட்டரிக்குள் 1.1 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. வோல்ட்டேஜ் 13.2. பழைய எல்இடி பட்டையைப் போட்டதும் கணக்கு தலைகீழானது. பேட்டரியிலிருந்து 2.8 ஆம்பியர் வெளியே போனது, வோல்ட்டேஜ் 12.4க்கு இறங்கியது. பேட்டரியின் கொள்ளளவு 18 ஆம்பியர் அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் ஏறக்குறைய 18 மணி நேரம். இரண்டு மூன்று மணி நேரம் இப்படி ஊர்ந்தால் ஏறக்குறைய பாதி காலியாகிவிடும். "காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, பேட்டரி மட்டம்" என்று மண்டோர் போன வருடம் பேட்டரி மாற்றியிருந்தார். பேட்டரி மட்டமில்லை. விளக்குதான் தின்றிருக்கிறது.

எடுத்த முடிவுகள்

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிச்சம்" என்ற வேண்டுகோளை நான் அப்படியே ஏற்கவில்லை. எங்கே வெளிச்சம் தேவை என்று கேட்டேன். ஒரு நாள் ஐந்து மணிக்கு நானும் தோட்டத்துக்குப் போய் வந்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போக விட்டார்கள். அந்த இரண்டு மணி நேரம் நிறையக் கற்றுக்கொடுத்தது.

முன்னால் தூரத்து வெளிச்சம் தேவையே இல்லை. வண்டி வேகமாகப் போவதில்லை. வேண்டியது பக்கவாட்டில், தரையோடு பரவும் வெளிச்சம். பழம் புல்லுக்குள் கிடக்கும், இலைச் சருகின் நிறத்திலேயே இருக்கும். அதோடு மழை பெய்த மறுநாள் சரிவில் பனிமூட்டம் இருக்கிறது. கண்ணுக்கு நெருக்கமாக உயரத்தில் விளக்கு இருந்தால் மூட்டத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். தாழ இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே நீளப் பட்டையைக் கழற்றிவிட்டு, பரவலாக ஒளி விழும் 10 வாட் விளக்கு இரண்டை முன் கேரியருக்குக் கீழே, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைக்க முடிவு செய்தேன். இரண்டும் சேர்ந்து அளந்ததில் 1.6 ஆம்பியர். ஐட்லிங்கில் அரை ஆம்பியர் பற்றாக்குறை வரும், ஆனால் வண்டி கொஞ்சம் நகர்ந்தாலே அது சரியாகிவிடும். அந்த அளவுக்கு நான் ஒத்துக்கொண்டேன்.

கைப்பிடியில் விளக்கு வைக்கச் சொல்லி ஒரு பையன் கேட்டான். கைப்பிடி திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்பும் என்பது வாஸ்தவம். ஆனால் வயர் ஒவ்வொரு தடவையும் மடங்கி நிமிரும், சீக்கிரம் உள்ளே அறுந்துவிடும். வேண்டாம் என்றேன்.

பின்னால் 18 வாட் வெள்ளை விளக்கு ஒன்று, அளந்த மின்னோட்டம் 1.4 ஆம்பியர். அதைக் கேரியருக்குக் கீழே, இழுவைக் கொக்கியின் பக்கத்தில் வைத்தேன். விபத்தில் பையனின் டார்ச் கூடையில் பட்டுத் திரும்பியதுதான் காரணம். விளக்கு எப்போதும் சுமைக்குக் கீழே இருக்க வேண்டும். தரையில் மூன்று நாலு மீட்டர் தூரத்தில் ஒளி விழும்படி சாய்த்தேன், பின்னால் நின்று வழிகாட்டுகிறவர் கண்ணில் அடிக்காமல் இருக்க.

ரிவர்ஸ் விளக்கு தானாக எரிய வேண்டும், சுவிட்ச் போட்டு எரிவதாக இருக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கைகள் பிரேக்கிலும் கைப்பிடியிலும் இருக்கும் நேரம் அது. சுவிட்சைத் தேட முடியாது.

பொருத்திய விதம்

டாஷ்போர்டில் ரிவர்ஸ் போட்டால் எரியும் சின்னக் காட்டி விளக்கு இருக்கிறது. அதன் வேலை இப்படி: காட்டிக்கு ஒரு முனையில் சாவி வழியாக 12 வோல்ட் வருகிறது. மறுமுனை கியர்பெட்டியில் உள்ள ரிவர்ஸ் சுவிட்சுக்குப் போகிறது. ரிவர்ஸ் விழுந்ததும் அந்த சுவிட்ச் வயரை எர்த் செய்கிறது, அதாவது வண்டியின் சட்டத்தோடு சேர்க்கிறது, காட்டி எரிகிறது. மீட்டரில் பார்த்தேன். சாவி போட்டு நியூட்ரலில் அந்த வயரில் 12 வோல்ட், ரிவர்ஸில் பூஜ்யம். இதை அளக்காமல் வயரை வெட்டக்கூடாது, ஏனென்றால் சில வண்டிகளில் அந்த வயர் வேறு மாதிரி வேலை செய்யும்.

இங்கே நிறையப் பேர் செய்கிற தவறு, புது விளக்கின் எர்த் முனையை நேராக அந்த வயரோடு சேர்த்துவிடுவது. கியர்பெட்டி சுவிட்ச் காட்டி விளக்கின் துளி மின்சாரத்துக்காகச் செய்தது. ஒன்றரை ஆம்பியர் அதன் வழியாகப் போனால் முனை கருகிவிடும். போதாததற்கு, அதே வயர்தான் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் போய், ரிவர்ஸில் வேகத்தை அடக்கச் சொல்கிறது. சுவிட்ச் கெட்டால் அந்தப் பாதுகாப்பும் போகும்.

ஆகவே ரிலே: உள்ளே ஒரு சுருளில் சிறு மின்சாரம் ஓடினால், பெரிய மின்சாரத்துக்கான சுவிட்சை அது மூடும். 85, 86 சுருளின் இரு முனைகள், 30, 87 அந்த சுவிட்சின் முனைகள். 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வயர். 87 விளக்குக்கு. 85 ரிவர்ஸ் வயரோடு. 86க்கு 12 வோல்ட். ரிலே சுருளுக்கு ஏறக்குறைய 0.15 ஆம்பியர் போதும், அதை ரிவர்ஸ் சுவிட்ச் தாங்கும். சுருள் அணையும்போது எழும் மின்துள்ளல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகாமல் இருக்க, சுருளின் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் 86ஐப் பார்த்து.

முன் விளக்குகளுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், கைப்பிடியில் ரப்பர் மூடியிட்ட சுவிட்ச். அதற்கான சுருள் மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுத்தேன். சுவிட்சை அணைக்க மறந்தாலும் சாவியை அணைத்தால் விளக்கு அணையும்.

வயர் எல்லாம் 1.5 சதுர மில்லிமீட்டர். பழைய மெல்லிய வயரில் பட்டை விளக்குக்குப் போய் வரும் நாலு மீட்டரில் அரை வோல்ட் வீணானது. புது வயரில் முன் விளக்குகளுக்கு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட வீணாகவில்லை. ஃபியூஸ் இரண்டும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பது வயரைத்தான், ஆகவே வயர் தொடங்கும் இடத்திலேயே அது இருக்க வேண்டும். இணைப்புகளை அழுத்திப் பிடிக்கும் முனைகளால் சேர்த்து, சூடாக்கிச் சுருக்கும் உறை போட்டேன். ஈயப்பற்று வைக்கவில்லை. குலுங்கும் வண்டியில் பற்று முடியும் இடத்தில் வயர் விறைத்து அறுந்துவிடும்.

கடையிலேயே சோதித்தேன். சாவி போட்டு மூன்று கியரிலும் பார்த்தேன். ரிவர்ஸில் மட்டும் பின் விளக்கு எரிந்தது. சாவியை அணைத்து, நியூட்ரலில், பேட்டரியில் மின்கசிவு பார்த்தேன், இல்லை. மண்டோர் வந்து பார்த்துத் திருப்தியாக வண்டியை ஏற்றிப் போனார். விளக்கு, ரிலே, வயர், கூலி எல்லாம் சேர்த்து 280 ரிங்கிட்.

ஒன்பதாம் நாள்

காலை ஐந்தேகாலுக்கு மண்டோரின் அழைப்பு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, டாஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை. பருவத்தின் உச்சம். அன்றைக்கு ஆட்கள் பழத்தைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். காலில் கட்டோடு கொட்டகையில் உட்கார்ந்து பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்த பையன், "அண்ணே, நேத்து நல்லாத்தான் ஓடுச்சு" என்று மட்டும் சொன்னான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. பேட்டரியில் 4 வோல்ட்டுக்கும் கீழே. கையோடு கொண்டுபோன பேட்டரியை மாட்டினேன். சாவி அணைந்தே இருந்தது. மாட்டிய அந்த நொடியே ரிலே 'டிக்' என்றது, பின் விளக்கு எரிந்தது.

கியர் லீவர் ரிவர்ஸில் இருந்தது.

பிழை எங்கே இருந்தது

வேலை முடிந்ததும் வண்டியைப் பின்னாலேயே கொட்டகைக்குள் விட்டு, சுவரோடு ஒட்டி, பிரேக்கைப் பூட்டி, சாவியை அணைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவதில்லை. தள்ள வேண்டிய அவசியம் இதுவரை இருந்ததில்லை. முதல் ஏழு நாள் வேறொருவர் ஓட்டினார், அவர் நியூட்ரலில் விடுகிறவர். ஒன்பதாம் நாளுக்கு முந்தின நாள் ஆள் மாறியது.

நான் பின் ரிலேயின் 86ஆம் முனைக்கு 12 வோல்ட்டை எங்கிருந்து எடுத்தேன் என்றால், பக்கத்திலேயே இருந்த 30ஆம் முனையிலிருந்து. அதாவது பேட்டரியிலிருந்து நேராக, சாவி வழியாக அல்ல. முன் ரிலேயில் சரியாகச் செய்தவன் பின் ரிலேயில் ஒரு வயரை மிச்சப்படுத்தினேன். ரிவர்ஸ் போட்டால்தானே எரியப் போகிறது, அதுவே போதுமான கட்டுப்பாடு என்று நினைத்துவிட்டேன். சாவி அணைந்தாலும் ரிவர்ஸ் சுவிட்ச் எர்த் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். விளக்கு 1.4, சுருள் 0.15, சேர்ந்து ஒன்றரை ஆம்பியருக்கு மேல். 18 ஆம்பியர் அவர் பேட்டரி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் காலி. முந்தின நாள் பத்தரைக்கு நிறுத்திய வண்டி அன்று இரவு பத்து மணி வாக்கிலேயே செத்திருக்கும். பின்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது, மேலே கன்வாஸ் போர்த்தியிருந்தது, நிறுத்தியது பட்டப்பகல். விளக்கு எரிந்ததை யாரும் பார்க்கவில்லை.

கடைச் சோதனையில் ஏன் மாட்டவில்லை என்பதையும் யோசித்தேன். சாவி அணைத்து நியூட்ரலில் பார்த்தேன், சாவி போட்டு ரிவர்ஸில் பார்த்தேன். சாவி அணைத்து ரிவர்ஸில் பார்க்கவில்லை. இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இந்த வண்டியின் காட்டி விளக்கு எல்இடி. அது மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். பழைய மாதிரி இழை பல்பாக இருந்திருந்தால், சாவியை அணைத்ததுமே பேட்டரி மின்சாரம் ரிலே சுருளைக் கடந்து, காட்டி பல்பு வழியாகப் பின்னோக்கி ஓடி, வண்டியின் மற்ற விளக்குகள் மூலம் எர்த்துக்குப் போயிருக்கும். இழை பல்பின் தடை குறைவு, ஆகவே சுருளுக்குப் போதிய வோல்ட்டேஜ் கிடைத்து ரிலே இழுத்திருக்கும். நியூட்ரலிலேயே பின் விளக்கு எரிந்து, நான் என் கடையில் வைத்தே பிழையைப் பிடித்திருப்பேன். எல்இடி அந்த வழியை அடைத்துப் பிழையை ஒளித்துவிட்டது. பழைய வண்டிகளில் கிடைத்த எச்சரிக்கை புது வண்டிகளில் கிடைக்காது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

மண்டோரிடம் மறைக்கவில்லை. "அண்ணே, ஆள் மேல தப்பு இல்ல. நான் வயர் எடுத்த இடம் தப்பு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, நாளைக்கு ஓடணும்" என்றார். பேட்டரியை நானே மாற்றிக் கொடுத்தேன். ஒருமுறை அவ்வளவு ஆழமாகக் காலியான பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றி நம்ப முடியாது.

திருத்தம்

86ஆம் முனையின் வயரைக் கழற்றி, சாவி வழியாக டாஷ்போர்டுக்குப் போகும் ஃபியூஸ் வயரில் சேர்த்தேன். காட்டி விளக்கும் ரிலே சுருளும் இப்போது ஒரே மூலத்திலிருந்து உயிர் பெறுகின்றன, ஒன்றாகவே அணைகின்றன. பிறகு சாவி இரண்டு நிலை, கியர் மூன்று நிலை, முன் சுவிட்ச் இரண்டு நிலை, ஆக பன்னிரண்டு சேர்க்கையையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் மீட்டரைப் பார்த்துத் தாளில் எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே மண்டோர் இன்னொன்று கேட்டார். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது பின்னால் கூடை ஏற்றவும் வெளிச்சம் வேண்டும், பின் விளக்கைக் கையாலும் போட வழி செய் என்றார். நியாயமான தேவை. ஆனால் ரிவர்ஸ் வயரை எர்த் செய்யும் ஒரு சுவிட்சைப் போட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டியும் வண்டி ரிவர்ஸில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். மறந்து முன்னால் ஓட்டினால் எஞ்சின் திணறும், ஏற்றத்தில் அது ஆபத்து. அதனால் இன்னொரு சிறிய ரிலே வைத்து, ரிவர்ஸ் வயரைத் தொடாமல் விளக்குக்கு மட்டும் தனி வழி கொடுத்தேன். அதுவும் சாவிக்கு உட்பட்டது.

பருவம் முடியும்வரை

ஆகஸ்ட் கடைசி வரை வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. வாரம் ஒருமுறை காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி வோல்ட்டேஜை எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். 12.5க்கும் 12.7க்கும் இடையிலேயே இருந்தது. வாக்கிடாக்கி இரைச்சல் போய்விட்டது.

எல்லாம் சரியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். பின் விளக்கை வைத்த இடத்தில் சேறு அப்பியது, இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது. ஒரு விரற்கடை மேலே தூக்கி, சக்கரத்துக்கும் விளக்குக்கும் நடுவே ரப்பர் தட்டி தொங்கவிட்ட பிறகுதான் குறைந்தது. முன் விளக்கில் ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்தது. மண்டோரின் ஆட்கள் வண்டியை உயர் அழுத்தக் குழாயால் கழுவுகிறார்கள். மழைக்குத் தாங்கும் விளக்கு அந்த அழுத்தத்தைத் தாங்காது. விளக்கை மாற்றிவிட்டு, விளக்கு, இணைப்பு இருக்கும் இடங்களில் குழாயைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன்.

பின்னால் வழிகாட்டி நிற்பவர் ஒருவர், வெளிச்சம் வந்தபின் பையன்கள் ரிவர்ஸில் வேகம் கூட்டுகிறார்கள் என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கை தைரியமாகிவிடுகிறது. மண்டோரிடம் நேராகப் பேசினேன். விளக்கு எவ்வளவு நல்லதானாலும் நாலரை அடிப் பாதையில் அறுபது மீட்டர் பின்னால் ஓட்டுவது ஆபத்துதான். அங்கே திருப்ப ஒரு இடம் வெட்ட முடியாதா என்று கேட்டேன். அவர் தவுக்கேயிடம் பேசினார். பருவம் முடிந்ததும், பாதை முடியும் இடத்தில் மண்ணை வெட்டிக் கல் அடுக்கி சிமெண்டு போட்டார்கள். இப்போது வண்டி அங்கேயே திரும்புகிறது. ரிவர்ஸில் வரும் தூரம் ஆறேழு மீட்டர்தான்.

இனி மாற்றிச் செய்வது

வண்டி வந்ததும் அதை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று முன்பும் கேட்பேன். இப்போது எப்படி நிறுத்துகிறீர்கள், யார் யார் ஓட்டுவார்கள், எந்தக் கியரில் விட்டுவிட்டுப் போவார்கள், எதைக் கொண்டு கழுவுவார்கள் என்றும் கேட்கிறேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ரிலே சுருளுக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பதை முழுதாக நிறுத்திவிட்டேன், ஒரு வயர் கூடப் போனாலும். சாவி அணைந்த நிலையில் எல்லாக் கியரிலும் கசிவு பார்த்த தாளை வண்டியோடு கொடுக்கிறேன்.

திருப்ப இடம் வெட்டும் யோசனையை நான் தோட்டத்துக்குப் போன முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாதையை அன்றைக்கே பார்த்தேன். விளக்கு வேலைக்குப் போனவன் என்பதால் விளக்கை மட்டும் யோசித்தேன்.

அக்டோபரில் தவுக்கே இன்னும் இரண்டு வண்டிகளை அனுப்பினார். ஒன்றைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தவன் கணுக்கால் ஆறிய அதே பையன். கடை வாசலில் இறக்கியதும் பிரேக்கைப் பூட்டினான், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான், அப்புறம்தான் சாவியை அணைத்தான். அந்த இரண்டு வண்டியும் பழைய மாதிரி, காட்டியில் இழை பல்பு. அவற்றுக்கும் 86ஐச் சாவி வயரிலிருந்தே எடுத்தேன்.